வராந்தாக் கோடியில் இரண்டு தட்டு

சின்னவளுக்கு அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. டப்பாவைத் திறந்து வைத்தது வைத்தபடி கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில், இன்னும் கட்டி முடியாத ஒரு நூலகத்தின் மேல்மாடி வராந்தாவில், போன வருஷம் செத்துப்போன அவள் அக்கா நின்றுகொண்டிருந்தாள்.

அவசரப்பட்டு பயப்பட வேண்டாம். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுவோம், பயப்படுவதற்கு அப்புறம் நிறையவே நேரம் இருக்கிறது.

முன்பெல்லாம் கட்டடம் போடுகிறவர்கள் கட்டி முடித்துவிட்டுத்தான் ஆட்களை உள்ளே விடுவார்கள். விழுகிறவர் விழுந்து, முட்டிக்கொள்கிறவர் முட்டிக்கொண்ட பிறகு, "அடடா, இங்கே ஒரு கைப்பிடி வைத்திருக்கலாமே" என்று தலையைச் சொறிவார்கள். இப்போது அந்தச் சொறிதல் எல்லாம் முன்கூட்டியே நடந்துவிடுகிறது. கட்டடத்தை முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்டி, அதற்குள் ஆட்களை நடக்கவிட்டுப் பார்க்கிறார்கள். சக்கர நாற்காலியில் ஒருவர், ஊன்றுகோலோடு ஒரு முதியவர், இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய், காது கேளாதவர், கண் தெரியாதவர். எல்லாருமே களிமண் நிறத்தில், முகம் இல்லாத உருவங்கள். எங்கே யார் திணறுகிறார்கள் என்று பார்த்து, கதவை அகலமாக்கி, படியைச் சரிவாக்கி, எல்லாருக்கும் ஏற்றதாக மாற்றிவிட வேண்டியது. சின்னவளின் அலுவலகத்தில் அந்த உருவங்களுக்கு நடமாடிகள் என்று பெயர்.

சின்னவள் என்பது வீட்டில் வைத்த பெயர். நாற்பது வயதைத் தாண்டி, பெரிய வடிவமைப்பு அலுவலகம் ஒன்றில் ஒரு கூட்டத்தையே அதட்டி வேலை வாங்கும் இடத்துக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. அப்படிக் கூப்பிட்டவள் அக்கா. அக்காவுக்குக் கல்யாண வயதுக்குள்ளேயே பார்வை முழுதாகப் போய்விட்டது. குடும்பத்தில் வழிவழியாக வருகிற நோய். சின்னவளை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்தது, பிறகு அக்காவின் ஒரே மகளையும் பிடித்துக்கொண்டது.

சின்னவள் இந்தத் தொழிலுக்கு வந்ததே அக்காவின் வாய்க்குப் பயந்துதான். "உங்க கட்டடத்துல கண்ணுக்கு ஆயிரம் அழகு வைக்கிறீங்கடி, காலுக்கு ஒண்ணாவது வச்சீங்களா?" என்று கேட்பாள். பளபளக்கிற கல்தரையில் காலை வைத்துவிட்டு, "இது தரையா, எண்ணெய் ஊத்தின தட்டா?" என்று நாலு பேர் காதில் விழும்படியே சொல்வாள்.

அந்த அக்காவை அலுவலகத்துக்கு அழைத்து வந்து, செருப்புக்குள் மெல்லிய தகடு வைத்து, கைத்தடியிலும் ஒரு கருவியைக் கட்டி, நாள் முழுக்க நடக்கவிட்டு அவள் நடையைப் பதிவு செய்தார்கள். ஏனென்றால் மற்ற நடமாடிகள் எல்லாம் வரைபடத்தை முன்பே தெரிந்துகொண்டு நடப்பவர்கள். கண் தெரியாத நடமாடிகூட வாசல் எங்கே என்று கம்ப்யூட்டர் காதில் சொல்லித்தான் நடந்தது. அக்கா அப்படி இல்லை. காலடியில் என்ன தட்டுப்படுகிறதோ அதை மட்டுமே நம்பி நடந்தாள். இடது காலை லேசாக இழுப்பாள், தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொள்வாள், வலது புறங்கையைச் சுவரில் உரசிக்கொண்டே போவாள். ஒரு நாள் முழுக்க நடந்து களைத்துப்போய், "என் நடையை வித்துச் சம்பாதிங்க. எனக்கு ஒரு காப்பியாவது வாங்கிக் குடுங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அதன் பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது அக்கா சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "என் பொண்ணுக்கும் கண்ணு போயிட்டிருக்கு. படிச்சிருக்கா, பொழைச்சுக்குவா. அவ நடக்கிற இடத்துல தரை மட்டும் இருக்கணும். நீ பாத்துக்கோ." சின்னவள் சரி என்றாள். மறுநாள் அக்கா இல்லை.

இந்த நூலகம் அந்த வாக்குக்காகவே வந்ததுபோல வந்தது. எல்லாரும் வந்து படிக்கிற, கேட்கிற, விரலால் தடவிப் படிக்கிற இடம். அக்கா மகளுக்கு அங்கேயே வேலையும் கிடைத்துவிட்டது, பார்வையற்ற வாசகர்களுக்கு உதவுகிற பிரிவில். திறப்பு விழா முடிந்தால் அவள் தினமும் நடக்கப்போவது இதே மேல்மாடி வராந்தாவில்தான். சின்னவள் ஒவ்வொரு கதவையும் அவளை நினைத்தே வரைந்தாள்.

இப்போது அந்த வராந்தாவின் கோடியில் அக்கா நிற்கிறாள்.

"மேடம், சாப்பிடலையா?" என்று பின்னால் குரல் கேட்டது. திரைக்குள் இருக்கும் அந்தக் கட்டட மாடலைக் கவனித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்க்காரன். ஆறடிக்கு மேல் வளர்ந்து, அகலமே இல்லாமல் போனதால் அவனை எல்லாரும் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான்.

"இது யாரு ஏத்தினது?" என்று திரையைக் காட்டினாள்.

அவன் குனிந்து பார்த்தான். களிமண் உருவம் ஒன்று வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வந்தது. இடது காலை இழுத்தது. தலை சாய்ந்திருந்தது. மாடி நடுவே, வெளிச்சத்துக்காக, கீழ்த்தளம் வரைக்கும் பெரிய வெட்டவெளி ஒன்றைத் திறந்து விட்டிருந்தார்கள், அதற்கான கண்ணாடித் தடுப்பு இன்னும் மாடலில் ஏறவில்லை. கடைசியில் அந்த வெட்டவெளியின் ஓரத்துக்கு வந்ததும் உருவம் நின்றது. பிறகு திரும்பி, வெட்டவெளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வராந்தாவைப் பார்த்தபடி நின்றது. வலது கை மெல்ல உயர்ந்து, மடக்கிய விரலால் பக்கத்தில் எதையோ தட்டியது. ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. அங்கே தட்டுவதற்குச் சுவரே இல்லை, வெறும் காற்றுதான் இருந்தது.

"இவங்களை நான் அப்பவே எடுத்துட்டேனே மேடம்," என்றான் ஒட்டடைக்குச்சி. "அவங்க தவறின வாரமே அழிச்சாச்சு. ஆள் போயிட்டா நடையை வச்சிருக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல கண்டிஷன் இருக்கு. நீங்கதான் மனசு கேக்காம திருப்பி ஏத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

"நான் எதையும் ஏத்தலையே."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டப்பகல், ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் ஓடுகின்றன, பக்கத்து மேஜையில் யாரோ அச்சென்று தும்முகிறார்கள். ஆனாலும் சின்னவள் எழுந்துபோய் ஏ.சி.யைக் குறைத்துவிட்டு வந்தாள்.

"பழைய காப்பி எங்கேயாவது ஒட்டிக்கிட்டிருந்திருக்கும்," என்றான் அவன். கம்ப்யூட்டர் ஆட்களிடம் எதற்கும் ஒரு காரணம் கைவசம் இருக்கும். ஆனால் அன்றைக்கு அவன் அந்தக் காரணத்தைத் தானே நம்பாதவன்போலச் சொன்னான், நாற்காலியையும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டான்.

அந்த இரண்டு தட்டு என்னவென்று அவனுக்குத் தெரியாது. இப்போது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும், சின்னவளுக்கும் அக்கா மகளுக்கும்.

சின்னவளுக்குப் பத்து வயதிருக்கும்போது, அக்கா சமையலறையிலிருந்து வெந்நீர்ப் பாத்திரத்தோடு வந்துகொண்டிருந்தாள். குறும்புக்காக மூச்சுக்கூட விடாமல் வழியில் நின்றாள் சின்னவள். அக்கா நேராக வந்து மோதினாள். இரண்டு பேரும் வெந்துபோனார்கள். சின்னவளின் முழங்கையில் அந்தத் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம் வந்தது. வழியில் யார் சும்மா நின்றாலும் பக்கத்துச் சுவரில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். ஆள் இருக்கிறது, மேலே வராதே, நில் என்று அர்த்தம். "தட்டாம நின்னா நீயும் ஒரு தூணுதான், நான் வந்து மோதுவேன்," என்பாள் அக்கா. அக்கா மகள் பிறந்து, தவழ்ந்து, நடக்க ஆரம்பித்ததும் முதலில் கற்றுக்கொண்டது அந்தத் தட்டைத்தான். பேச்சுக்கூட அதற்குப் பிறகுதான் வந்தது.

சின்னவள் அதைத் திரையில் பார்த்ததும் அழுதுவிட்டாள். நான் இருக்கிறேன் என்று அக்கா சொல்வதாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள். ஒரு வருஷமாக நெஞ்சில் கல்லைக் கட்டிக்கொண்டு திரிந்தவளுக்கு வேறு என்ன தோன்றும்? அங்கேதான் பிசகிவிட்டாள். தட்டுக்கு அர்த்தம் நில் என்பது. அதை வேண்டுமென்றே மறந்துவிட்டு, தனக்குப் பிடித்ததை மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அதன் பிறகு தினமும் மதியம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் மாடலை ஓடவிட்டு அக்காவைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அக்கா வருவாள், கோடியில் நிற்பாள், திரும்புவாள், தட்டுவாள். முகமில்லாத அந்தத் தலை நேராகத் தன்னையே பார்ப்பதுபோல இருக்கும். "சாப்பிட்டியாக்கா?" என்று ஒரு நாள் வாய்விட்டே கேட்டுவிட்டு, யாராவது கேட்டிருப்பார்களோ என்று சுற்றும் முற்றும் பார்த்தாள்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் பார்வைக் கோணத்தை மாற்றி, வெட்டவெளிப் பக்கத்திலிருந்து பார்த்தாள். அப்போதும் அக்கா அவளைப் பார்க்கத் திரும்பவில்லை. வராந்தாவைப் பார்த்தபடியே, யாரோ வருவதற்காகக் காத்திருப்பவள்போல, இரண்டு தட்டு தட்டினாள். சின்னவளுக்கு அது கொஞ்சம் மனத்தாங்கலாக இருந்தது. கோணத்தைப் பழையபடி மாற்றிக்கொண்டாள்.

நூலகத்துக்காரர்களுக்கு மாடலைக் காட்டும் நாள் வந்தது. முதல்நாள் அலுவலகத் தலைவர் எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எதுவும் துடைத்து வைத்ததுபோல இருக்க வேண்டும் அவருக்கு. கண் தெரியாதவர்கள் காலால் தடவி நடப்பதற்காக மேடுகள் வைத்துத் தரையில் பதிக்கும் மஞ்சள் வழிகாட்டி ஓடுகள் படத்தைக் கெடுக்கின்றன என்று ஆரம்பத்திலேயே அவற்றை மறைத்து, யாரும் கை வைக்காதபடி பூட்டியும் வைக்கச் சொன்னவர் அவர்தான். "கட்டும்போது போட்டுக்கலாம்மா, காட்டும்போது எதுக்கு?" என்பார்.

"இது என்னம்மா, ஒருத்தர் ஓரத்துல நின்னுக்கிட்டு காத்தைத் தட்டிட்டிருக்கார்?"

"அது ஒரு பழைய நடமாடி சார். இருக்கட்டுமே."

"பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க? கட்டி முடிக்கிறதுக்குள்ள பேய் குடி வந்துடுச்சுன்னு சொல்லப்போறாங்க. எடுத்துடுங்க."

"சார், அது என் அக்கா நடை."

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்குப் புரியுதும்மா. ஆனா உங்க அக்கா இங்க இருக்கக் கூடாது. அது அவங்களுக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை," என்றார். சின்னவள் மவுஸை ஒட்டடைக்குச்சியின் பக்கம் தள்ளிவிட்டாள்.

ஒட்டடைக்குச்சி அவள் முகத்தைப் பார்க்காமலேயே அந்த உருவத்தை அழித்தான். அழிப்பதற்கு முன்னால் மாடலை ஒருமுறை ஓடவிட்டான். அக்கா வந்தாள், நின்றாள், தட்டினாள். நிறுத்தாமல் தட்டிக்கொண்டே இருந்தாள். "இப்படி இதுவரைக்கும் பண்ணதில்லையே," என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் பட்டனை அழுத்தினான். வராந்தா காலியாகிவிட்டது.

நூலகத்துக்காரர்களுக்கு மாடல் பிடித்துப்போனது. கை தட்டினார்கள். அழித்த நடைக்குப் பதிலாக எதை வைப்பது என்று கேள்வி வந்தபோது, அக்கா மகளையே கூப்பிட்டு, செருப்புக்குள் தகடு வைத்து, அவள் நடையைப் பதிவு செய்து மாடலில் ஏற்றினார்கள். ஏற்றியதோடு சரி, யாரும் ஓடவிட்டுப் பார்க்கவில்லை. அவளும் அம்மாவைப்போலவே, காலுக்குத் தட்டுப்படுவதை மட்டும் நம்பி நடக்கிறவள். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அவள் கண்ணுக்கு இப்போது தெரியும். வாய் அப்படியே அம்மா வாய்.

"சித்தி, உங்க ஆபீஸ்ல எங்க குடும்பத்தையே வரிசையா உள்ள போட்டுப் பூட்டிடுவீங்க போலிருக்கே," என்றாள் பதிவு முடிந்ததும்.

சின்னவள் சிரிக்கவில்லை. அக்காவை அழித்ததிலிருந்து அவளுக்கு யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. மாடலைத் திறக்கவும் பிடிக்கவில்லை. வேலையை மற்றவர்களிடம் தள்ளிவிட்டு, வேறு கட்டடத்தின் படிக்கட்டுகளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இதற்குள் நூலகம் மேலெழும்பிவிட்டது. மேல்மாடியில் தரை போட்டாகிவிட்டது.

அப்படி இருக்கும்போது ஒருநாள் பகல் பன்னிரண்டு மணிவாக்கில் அக்கா மகள் போன் செய்தாள்.

"சித்தி, நான் நூலகத்துக்கு வந்திருக்கேன். தரை போட்டாச்சாம், சைட் இன்ஜினீயர் நடந்து பாக்கச் சொன்னார். செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலோட நடக்கப்போறேன். தடியையும் மடக்கி வச்சுட்டேன். ஓடு வழிகாட்டுதா இல்லையான்னு காலுக்குத் தெரியணும்ல?"

"பாத்துப் போடி. இன்ஜினீயரைக் கூடவே நிக்கச் சொல்லு."

"எல்லாம் நிக்கிறார். சத்தம் போடாம இருங்க, போனைப் பைக்குள்ள போடறேன். காதும் காலும் ஒண்ணா வேலை பாக்கணும்." வைத்துவிட்டாள்.

சின்னவளுக்கு அப்போதுதான் அந்த ஆசை வந்தது. பிள்ளை அங்கே நிஜத் தரையில் நடக்கும்போது, இங்கே அவள் நடமாடி நடப்பதைப் பார்க்கலாம் என்று. ரொம்ப நாளைக்கு அப்புறம் மாடலைத் திறந்தாள். ஓடவிட்டாள்.

களிமண் உருவம் வராந்தாவின் தொடக்கத்திலிருந்து புறப்பட்டது. அக்கா மகளின் நடை, கொஞ்சம் துள்ளலான நடை. மறைத்து வைத்திருந்த மஞ்சள் ஓடுகளின் வரிசையைக் காலால் பிடித்துக்கொண்டு நேராக வந்தது. படிப்பறை வாசல் வலது பக்கம் இருந்தது. உருவம் அந்த வாசலைக் கவனிக்கவே இல்லை, தாண்டி வந்தது. கோடிக்கு வந்தது. அக்கா நின்ற இடத்துக்கு வந்தது. நிற்கவில்லை. இன்னும் ஒரு அடி வைத்து, வெட்டவெளிக்குள் விழுந்து மறைந்துவிட்டது.

சின்னவள் ஏதோ தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும் விழுந்தது.

மறைத்திருந்த மஞ்சள் ஓடுகளைத் திரையில் வரவழைத்தாள். ஐயோ என்று வாய்விட்டே கத்திவிட்டாள். படிப்பறை வாசலுக்குத் திரும்ப வேண்டிய மஞ்சள் கோடு திரும்பவே இல்லை. நேராகப் போய் வெட்டவெளியின் விளிம்பில் அறுந்து நின்றது. காலை நிறுத்தச் சொல்லும் புள்ளி ஓடுகள் விளிம்புக்கு அப்பால், அந்தரத்தில் கிடந்தன. அந்தரத்தில் யார் ஓடு பதிப்பது? கட்டுகிறவர்கள் தரை இருக்கிற வரைக்கும் கோட்டைப் போட்டுவிட்டு விட்டிருப்பார்கள்.

அவளுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்டது. பல மாதங்களுக்கு முன்னால், வாசலை மறுபக்கத்துத் தெருவுக்கு மாற்ற வேண்டும் என்று நூலகத்துக்காரர்கள் கேட்டார்கள். இந்தத் தொழிலில் அதற்குப் புதிதாக வரைய மாட்டார்கள். கண்ணாடியில் பார்ப்பதுபோல முழு வரைபடத்தையும் இடம் வலமாகப் புரட்டிவிடுவார்கள், ஒரே கட்டளை. புரட்டியவள் சின்னவள்தான். அறைகள் புரண்டன, கதவுகள் புரண்டன, வெட்டவெளி இந்தப் பக்கம் வந்தது. மறைத்துப் பூட்டி வைத்திருந்த வழிகாட்டி ஓடுகள் மட்டும் புரளாமல் பழைய இடத்திலேயே கிடந்தன. பூட்டியதை எந்தக் கட்டளையும் தொடாது. அது ஒரு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. கட்டுகிறவர்களுக்கு அது கண் தெரியாதவர்களின் சமாச்சாரம், வரைந்து கொடுத்தபடி போட்டுவிட்டார்கள். மற்ற நடமாடிகள் எல்லாம் வாசலைத் தெரிந்துகொண்டு நடந்ததால் ஒன்றுகூட விழவில்லை. காலடி ஓடுகளை நம்பி நடந்தவள் ஒருத்திதான், அக்கா. அவளைப் பேய் என்று சொல்லி அழித்துவிட்டார்கள்.

சின்னவள் போனை எடுத்தாள். அக்கா மகளுக்கு அடித்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சைட் இன்ஜினீயருக்கு அடித்தாள். எடுத்தார், பின்னால் துளை போடும் இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது.

"பொண்ணு எங்க? பொண்ணு எங்க சார்?"

"என்னங்க? கேக்கலை. அவங்க மேல நடந்துட்டிருக்காங்க, நான் கீழ லாரி வந்துடுச்சுன்னு வந்தேன். கண்ணாடித் தடுப்பு வந்திருக்கு, அதை மாட்டறதுக்காக மேல இருந்த கம்பியெல்லாம் காலையிலதான் கழட்டினோம்."

"அவளை நிறுத்துங்க! நிறுத்துங்க!"

"என்னங்க? இருங்க, சத்தம்..." லைன் போய்விட்டது.

மறுபடி அக்கா மகளுக்கு அடித்தாள். ஸ்பீக்கரில் மணி அடிக்கிறது. ஒட்டடைக்குச்சி ஓடி வந்து, என்ன மேடம், என்ன மேடம் என்கிறான். நூலகம் ஊரின் மறுகோடியில். காரில் போனாலும் அரை மணி நேரம். அப்போதுதான் பார்த்தாள், யாரும் தொடாமலேயே திரையில் களிமண் உருவம் மறுபடி புறப்பட்டிருந்தது. இந்தத் தடவை துள்ளல் இல்லை. வெறுங்காலோடு நடப்பதுபோல, ஒவ்வொரு அடியாகத் தரையைத் துழாவித் துழாவி வந்தது. மாடலில் நடப்பவர்கள் அப்படி நடக்கமாட்டார்கள்.

"நான் எதையும் அமுக்கலை மேடம்," என்றான் ஒட்டடைக்குச்சி. அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

உருவம் படிப்பறை வாசலைத் தாண்டியது. கோடியை நெருங்கியது. அங்கே நிற்க வேண்டியவள் இல்லை. அவளைத்தான் போகச் சொல்லிவிட்டார்களே.

சின்னவள் என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. பத்து வயதிலிருந்து பழகிய கை அதுபாட்டுக்கு எழுந்தது. மடக்கிய விரலால் திரைக் கண்ணாடியில், வராந்தாவின் அந்தக் கோடியில், டக் டக் என்று இரண்டு தட்டு தட்டினாள்.

உருவம் நின்றுவிட்டது. ஒரு கால் தரையில் இருந்தது, இன்னொரு கால் விளிம்பில் பாதி இருந்தது. அப்படியே நின்றது.

மேஜைமேல் அடித்துக்கொண்டிருந்த மணி நின்றது.

"என்ன சித்தி, போனை வச்ச மூணாம் நிமிஷம் இப்படி விடாம அடிக்கிறீங்க? சும்மா நிக்கும்போதுதான் பைக்குள்ள அதிர்றது தெரிஞ்சுது," என்றது அக்கா மகளின் குரல். "இங்கயா ஒளிஞ்சிருக்கீங்க? எப்ப வந்தீங்க?"

"அசையாதே," என்றாள் சின்னவள். "அசையாதேடி கண்ணு. ஏன் நின்ன?"

"நீங்கதானே தட்டினீங்க? ஆள் இருக்குன்னு நின்னுட்டேன்."

"தடியை விரி. காலை எடுக்காதே. மெதுவா முன்னால நீட்டிப் பாரு."

மடக்குத் தடி ஒவ்வொரு கட்டாக விரிகிற சத்தம் போனில் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. சின்னவள் மேஜையின் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒட்டடைக்குச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சித்தி," என்றாள் அக்கா மகள். அந்த வாயாடிக் குரல் சிறு பிள்ளையின் குரலாகிவிட்டிருந்தது. "தரை இல்ல சித்தி."

சின்னவள் போய்ச் சேர்ந்தபோது அக்கா மகள் கீழ்த்தளத்தில் ஒரு சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சைட் இன்ஜினீயர் பக்கத்தில் நின்று, "என் தப்புங்க, நான் விட்டுட்டுப் போயிருக்கக் கூடாதுங்க," என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். மேலே ஆட்கள் கடப்பாரையோடு மஞ்சள் ஓடுகளைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். யார் தப்பு என்று சின்னவளுக்குத் தெரியும். வந்ததும் வராததுமாக அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னை மன்னிச்சுடு, என்னை மன்னிச்சுடு என்று அழுதாள்.

"விடுங்க சித்தி, எனக்கு மூச்சு முட்டுது. விழலையே, முழுசாத்தானே இருக்கேன்." அக்கா மகள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். "நீங்க ஆபீஸ்ல இருந்துதான் பேசினீங்கன்னு இவர் சொல்றார். நெசமா?"

"நெசம்."

"அப்ப எங்க இருந்து தட்டினீங்க?"

கம்ப்யூட்டர் கண்ணாடியில் தட்டியதைச் சொன்னால் அது பைத்தியக்காரத்தனம்போல இருக்கும். ஆனாலும் சொன்னாள். அக்கா மகள் சிரிக்கவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"சுவர்ல தட்டற மாதிரியே இருந்துச்சு," என்றாள்.

"அந்த இடத்துல ரெண்டு பக்கமும் சுவரே கிடையாதுங்க. வெறும் வெட்டவெளி," என்றார் சைட் இன்ஜினீயர்.

அவள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, சின்னவளின் கையைத் தேடிப் பிடித்து, முழங்கைத் தழும்பில் விரலை வைத்துக்கொண்டாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு அது பழக்கம்.

"வலது பக்கம் ரெண்டு தட்டு கேட்டுச்சு சித்தி. அது நீங்க. நீங்க எப்பவும் அவசரமா தட்டுவீங்க, ரெண்டும் ஒண்ணாவே கேக்கும். ஆனா அது கேக்கிறதுக்கு முன்னாடியே நான் நின்னுட்டேன்."

"ஏன்?"

"இடது பக்கமும் ரெண்டு தட்டு கேட்டுச்சு. நிதானமா. ஒண்ணு தட்டிட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு." அவள் விரல் தழும்பின்மேல் மெல்ல ஒருமுறை தட்டியது, பொறுத்தது, மறுபடி தட்டியது. "இப்படி. இது யாரு தட்டுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?"